தடிமன் மாறிப் பத்து நாளில் தம்பிக்குக் கால் ஓய்ந்துவிட்டது: யாருக்காவது இப்படி நடந்ததா?

விசுவமடுக்காரி | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நித்திரை வரவில்லை, அதனால் எழுதுகிறேன். என் தம்பிக்கு 34 வயது, வயல்தான் தொழில். பொங்கலுக்கு அடுத்த கிழமை வீட்டில் எல்லோருக்கும் தடிமன், இருமல், உடம்பு உளைவு. மூன்று நாள் காய்ச்சல் இருந்தது, பனடோலோடு மாறிவிட்டது. அரிவி வெட்டுத் தொடங்குகிறது என்று அவனும் வயலுக்குப் போய்விட்டான்.

பத்து நாள் கழித்து ஒரு நாள் விடிய எழும்பும்போது உள்ளங்கால் இரண்டும் விறைத்த மாதிரி இருக்கிறது என்றான். பனிக்குள் நின்றதால் வந்தது என்று நினைத்தோம். அடுத்த நாள் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏறக் காலைத் தூக்க முடியவில்லை. நாரிப் பிடிப்பாக்கும் என்று எண்ணெய் தேய்த்தோம். தனியார் வைத்தியர் ஒருவரிடம் காட்டினோம், சத்துக் குறைவு என்று விற்றமின் ஊசி போட்டு அனுப்பினார். மூன்றாம் நாள் கதிரையில் இருந்து எழும்ப முடியவில்லை. கைவிரலிலும் பலமில்லை. சாரத்தைக்கூட நான்தான் கட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே வைத்தியர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்த்தார். கால் அசையவே இல்லை. உடனே அம்புலன்சில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கில்லன் பாரே என்று ஒரு பெயர் சொன்னார்கள். வெறும் தடிமன் காய்ச்சலால் நரம்பு பழுதாகுமா? முள்ளந்தண்டில் நீர் எடுக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள். அம்மா வேண்டவே வேண்டாம் என்று அழுகிறார். நாளைக் காலை பதில் சொல்ல வேண்டும்.

பாலைநிழல் | திங்கள், இரவு 10.25

தங்கச்சி, அந்தக் கையெழுத்தை வையுங்கள். முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக விடுதிகளில் நின்றவள் நான். முள்ளந்தண்டில் ஊசி போட்டால் கால் இழுத்துவிடும் என்ற பயம் எங்கள் சனத்திடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். முண்ணாண், அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடும் பெரிய நரம்பு வடம், நாரியின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்கும் கீழே, நரம்பு நார்கள் மட்டும் நீருக்குள் தொங்கிக்கொண்டிருக்கும் இடத்தில். பல நேரம் ஒருவருக்குக் கால் ஓய்ந்த பிறகுதான் இந்தச் சோதனையைச் செய்வார்கள். ஊரில் கதை மாறி, சோதனையால்தான் ஓய்ந்தது என்று ஆகிவிடுகிறது. அம்மாவுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

அந்த நீரில் புரதம் கூடியிருந்து, கலங்கள் கூடாமல் இருந்தால் அது இந்த நோயின் நல்ல அடையாளம். முதல் கிழமையில் எடுத்தால் சிலருக்கு வழமைபோலவே இருக்கும். அப்படி வந்தாலும் கலங்க வேண்டாம். பலக்குறைவு கீழிருந்து மேலே ஏறுவதும், தட்டினால் கால் அசையாததும் வைத்தியர்களுக்குப் போதுமான தடயங்கள்.

தடிமனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டீர்கள். வைரசு நேராக நரம்பைத் தின்பதில்லை. அதைப் பிடிக்க உடம்பு காவல் போடுகிறது அல்லவா, அந்தக் காவல் ஆள் மாறிப் பிடிக்கிறது. இரவு காவல் கொட்டிலில் இருப்பவர் இருட்டில் பன்றி என்று நினைத்துத் தன் சொந்த மாட்டுக்கு வெடி வைத்தால் எப்படி? கிருமியின் மேலுள்ள ஒரு பகுதியும் நரம்பின் மேலுள்ள ஒரு பகுதியும் ஒரே சாயலாக இருப்பதால் வரும் பிழை அது. நரம்பைச் சுற்றியுள்ள மேலுறை பழுதாகும், மூளையின் கட்டளை காலுக்குப் போய்ச் சேராது. படையை எழுப்பி அனுப்ப உடம்புக்கு ஒன்றிரண்டு கிழமை எடுக்கும். காய்ச்சல் மாறி, எல்லாம் சரி என்று இருக்கும்போது கால் ஓய்வது அதனால்தான். வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் பழைய தடிமனைச் சொல்ல மறந்துவிடுவார்கள். நாங்கள்தான் கேட்டுக் கேட்டு எடுப்போம்.

இன்றிரவு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தம்பியை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். 20 வரை போனால் நல்லது. நாலு மணித்தியாலம் கழித்து 15, பிறகு 12 என்று குறைந்துகொண்டு போனால் உடனே தாதியிடம் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்கப் புரைக்கேறினாலும் சொல்லுங்கள். இந்த நோயில் நாங்கள் பயப்படுவது காலுக்கு அல்ல, மூச்சுத் தசைக்குத்தான். நாலைந்து பேரில் ஒருவருக்கு மூச்சு இயந்திரம் தேவைப்படும்.

விசுவமடுக்காரி | திங்கள், இரவு 11.05

அக்கா, எண்ணச் சொன்னேன். 18. விடுதித் தாதியிடம் சொல்லிவிட்டேன். கையெழுத்து வைக்கிறேன்.

வயற்காற்று | செவ்வாய், காலை 6.50

தங்கச்சிக்கு ஆறுதல். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். கொரோனா ஊசி போட்ட பிறகுதான் இப்படியான நோய்கள் கூடியது என்று எங்கள் பக்கம் எல்லோரும் கதைக்கிறார்கள். தம்பி ஊசி போட்டவரா? அதை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?

பாலைநிழல் | செவ்வாய், காலை 8.10

கேட்டது நல்லது, மறைக்க ஒன்றுமில்லை. 1976 இல் அமெரிக்காவில் பன்றிக்காய்ச்சல் பயத்தில் ஏறக்குறைய நாலரைக் கோடிப் பேருக்கு ஊசி போட்டார்கள். ஊசி போட்ட ஒரு லட்சம் பேரில் ஒருவர் என்ற அளவில் இந்த நோய் கூடுதலாக வந்தது. அதைக் கண்டதும் அந்த வருடம் மார்கழியிலேயே நிறுத்திவிட்டார்கள். இன்று போடும் இன்புளுவென்சா ஊசியில் அது பத்து லட்சத்துக்கு ஒன்றிரண்டு. கொரோனா ஊசிகளில் அஸ்ட்ராசெனெகா வகையிலும் சிறிய அளவு கூடுதல் கண்டார்கள். இதெல்லாம் உண்மை. ஊசியால் வருவதென்றால் ஆறு கிழமைக்குள் வந்திருக்கும். தம்பி கடைசியாகப் போட்டு எத்தனை வருடம்? பத்து நாளுக்கு முன்னால் வந்ததோ காய்ச்சல். இன்புளுவென்சாக் காய்ச்சலே ஊசியைவிடப் பல மடங்கு அதிகமாக இந்த நோயைத் தூண்டுகிறது. இன்னொன்று: உலகம் முழுக்க இதை அதிகம் தூண்டுவது தடிமன் வைரசு இல்லை, சரியாக வேகாத கோழியிறைச்சியால் வரும் ஒரு வயிற்றோட்டக் கிருமி.

1916 இலேயே பிரான்சில் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று வைத்தியர்கள் இரண்டு படைவீரர்களிடம் பார்த்து எழுதிய நோய் இது. கொரோனாவுக்கு நூறு வருடம் முந்தியது.

வயற்காற்று | செவ்வாய், காலை 8.30

சரி அக்கா. தம்பிக்கு 2021 இல் போட்டிருந்தால் கணக்கு ஒத்துவராதுதான். அதோடு வயலில் இருந்து பன்றியால், நுளம்பால் மூளைக்காய்ச்சல் வரும் என்று முந்திச் சொல்வார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

பாலைநிழல் | செவ்வாய், காலை 8.45

இல்லை. அது யப்பானிய மூளைக்காய்ச்சல், தேங்கிய வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பால் வருவது. மூச்சால் பரவாது. பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் தடுப்பூசி போடுகிறார்கள்.

கரைச்சித்தாய் | செவ்வாய், பிற்பகல் 1.20

நானும் ஒன்று சொல்ல வேண்டும், மனதில் அடக்கி வைத்திருக்கிறேன். மகனுக்கு ஒன்றரை வயதில் தடிமனோடு காய்ச்சல் காய்ந்தது. பின்னேரம் மடியில் இருந்தவன் திடீரென்று கண் மேலே போய், கை கால் வெட்டி வெட்டி இழுத்தான். வாய் நீலமாகிவிட்டது. பிள்ளை போய்விட்டது என்றே நினைத்தேன். மாமியார் கையில் இரும்புத் திறப்பைத் திணித்தார், பக்கத்து வீட்டு அண்ணை பல்லிடையே கரண்டியை வைத்தார். பல் உடைந்து இரத்தம். இரண்டு நிமிடத்தில் வலிப்பு தானாக நின்றது. இப்போது மகனுக்கு ஆறு வயது, நன்றாகப் படிக்கிறான். ஆனாலும் ஒவ்வொரு தடிமனுக்கும் எனக்கு நெஞ்சு இடிக்கும். அந்த வலிப்பால் மூளைக்குப் பழுது வந்திருக்குமா அக்கா?

பாலைநிழல் | செவ்வாய், மாலை 4.05

வந்திருக்காது தங்கச்சி. ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் நூறு பிள்ளைகளில் இரண்டு தொடக்கம் ஐந்து பேருக்கு இந்தக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு இன்னொரு தடவையும் வரலாம். வயது ஏற விட்டுவிடும். பிள்ளை காய்ச்சலோடு படும் வேதனைக்குப் பனடோல் கொடுங்கள், ஆனால் அது வலிப்பைத் தடுக்கும் என்று நம்பி அளவுக்கு மேல் கொடுக்க வேண்டாம், தடுக்காது.

வலிப்பு வந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். வாய்க்குள் கரண்டி, விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம். இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நின்ற பிறகும் பிள்ளை தெளியாமல் மயங்கியே கிடந்தால், கழுத்தை வளைக்க முடியாமல் விறைத்தால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். திறப்பைக் கையில் கொடுத்ததால் பாதகமில்லை, அதைத் தேடி ஓடும் நேரத்தில் பிள்ளையைச் சரித்திருக்கலாம் என்பதுதான்.

தெளியாமல் கிடப்பதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மிக அரிதாக இன்புளுவென்சாவின் முதல் ஒன்றிரண்டு நாளிலேயே மூளை வீங்கிவிடும். 1995 இல் யப்பானிய வைத்தியர்கள் இதன் ஒரு கடுமையான வகையைத் தனியாக அடையாளம் கண்டு எழுதினார்கள். மூளையின் நடுவில் தலமசு என்ற பகுதி இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பழுதாகும். வைரசு மூளைக்குள் போய் இதைச் செய்வதாகத் தெரியவில்லை. உடம்பு முழுக்கக் கிளம்பும் அழற்சி, மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையிலான வரம்பைக் கசிய வைக்கிறது. குளக்கட்டில் ஓரிடம் நனைந்தால் உடனே ஆள் கூப்பிடுவோம் இல்லையா, அப்படி அவசரமாகப் பார்க்க வேண்டியது இது.

இன்னும் ஒன்று. காய்ச்சலுக்குப் பிள்ளைகளுக்கு டிஸ்பிரின் (அஸ்பிரின்) வேண்டவே வேண்டாம். இன்புளுவென்சாவோ கொப்புளிப்பானோ வந்த பிள்ளைக்கு அஸ்பிரின் கொடுத்தால் ஈரலும் மூளையும் ஒன்றாகப் பழுதாகும் நோய் ஒன்று வரலாம். 1963 இல் அவுஸ்திரேலியாவில் ரை என்ற வைத்தியர் அந்த நோயைக் கண்டு எழுதினார். எண்பதுகளில் அஸ்பிரின் கொடுக்க வேண்டாம் என்று பெற்றோருக்கு எச்சரிக்கை விட்டார்கள், நோய் ஏறக்குறைய இல்லாமலே போனது. எங்கள் ஊரில் டெங்குவும் இருப்பதால் இரட்டைக் காரணம்: அது டெங்குவில் இரத்தப் பெருக்கைக் கூட்டும்.

ஒட்டுசுட்டான் வீரை | செவ்வாய், இரவு 8.50

நான் வேறு மாதிரி ஆள். 2009 இல் போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு ஒன்று இன்னும் தலைக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு வலிப்பு. ஒழுங்காகக் குளிசை போட்டால் வருடக்கணக்கில் வராது. ஆனால் தடிமன் காய்ச்சல் வந்தால் மூன்றாம் நாள் கட்டாயம் ஒரு தடவை வந்துவிடும். எனக்கு மட்டும் இல்லை, எங்கள் பக்கம் தலைக்காயம் உள்ள இன்னும் நாலு பேர் இதையே சொல்கிறார்கள். போன வருடம் சளிக்குப் பாமசியில் ஒரு அன்ரிபயற்றிக் வாங்கிப் போட்டேன். இரண்டு நாளில் தலை சுற்றி, கண்ணுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, நடக்கவே முடியவில்லை. வைரசு மூளைக்கு ஏறிவிட்டது என்று வீட்டில் அழுதார்கள்.

பாலைநிழல் | செவ்வாய், இரவு 9.30

தம்பி, நீங்கள் போடுவது கார்பமசெபினா? வாங்கிய மருந்து கிளாரித்ரோமைசினா, எரித்ரோமைசினா?

ஒட்டுசுட்டான் வீரை | செவ்வாய், இரவு 9.34

கார்பமசெபின்தான். மற்றது கிளாரித்ரோமைசின். மட்டை இன்னும் இருக்கிறது.

பாலைநிழல் | செவ்வாய், இரவு 9.55

அப்படியென்றால் அது வைரசு ஏறியதாக இருக்காது. அந்த அன்ரிபயற்றிக் உடம்பில் கார்பமசெபினைக் கழிய விடாமல் தேக்கி வைக்கும். நீங்கள் வழமையாகப் போட்ட அளவே நஞ்சளவுக்குப் போயிருக்கும். தலைச்சுற்று, இரண்டாகத் தெரிவது, தள்ளாட்டம் எல்லாம் அதன் அடையாளம். இனி எந்தப் பாமசியிலும் முதல் வார்த்தையாக வலிப்புக் குளிசையின் பெயரைச் சொல்லுங்கள். பழைய மட்டையைப் பணப்பையில் வையுங்கள். கிளினிக்கிலும் இந்தச் சம்பவத்தைச் சொல்லி எழுதுவியுங்கள்.

காய்ச்சல் நாட்களில் வலிப்பு வருவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. சூடு ஏற மூளைக் கலங்கள் சுலபமாகத் தூண்டப்படும், இருமலால் இரவு நித்திரை இல்லை, சத்தி எடுத்தால் குளிசையும் வெளியே வந்துவிடும். தழும்பு உள்ள மூளைக்கு இந்த மூன்றில் ஒன்றே போதும். குளிசை போட்டுச் சற்று நேரத்திலேயே சத்தி எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் கிளினிக் வைத்தியரிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள், காய்ச்சல் வந்த பிறகு கேட்க முடியாது.

அதோடு, எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் உள்ளே போவதற்கு முன்னால் தலைக்குள் இரும்புத் துண்டு இருப்பதைச் சொல்லுங்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம், துண்டை அசைத்துவிடும். வன்னியில் உடம்பில் துண்டோடு வாழ்பவர்கள் எத்தனையோ பேர், சிலர் காலில் உள்ளதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிறார்கள்.

முள்ளந்தண்டுக் காயத்தோடு சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலருக்குப் பலமாக இருமித் துப்ப முடியாது. மற்றவர்களுக்கு மூன்று நாள் தடிமன், உங்களுக்கு நிமோனியா ஆகலாம். இருமும்போது வயிற்றில் கையால் அழுத்தி உதவும் முறையை உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் வீட்டில் ஒருவராவது பழகி வையுங்கள்.

முறிகண்டி வாத்தியார் | புதன், காலை 5.40

இரவு முழுக்க இதை வாசித்தேன். நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். 2021 ஆவணியில் கொரோனா வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகவில்லை. மணம் போய்விட்டது. அடுப்பில் பால் எரிந்து கருகியதை மகள் வந்து சொன்ன பிறகுதான் கண்டேன். பிறகு கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்த வரி என்ன என்று மறந்து நிற்பேன். பிள்ளைகள் அமைதியாகக் காத்திருப்பார்கள். அந்த அமைதிதான் என்னைக் கொன்றது. வீட்டில் சொன்னேன், யோசனை கூடினால் அப்படித்தான் என்றார்கள். போரில் இருந்து மீண்டவர்கள் என்பதால் எதைச் சொன்னாலும் மனப் பிரச்சினை என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது மட்டும் இல்லை என்று தெரியும், ஆனால் நிரூபிக்க வழியில்லை.

பாலைநிழல் | புதன், காலை 7.15

சேர், உங்களை நம்புகிறேன். 2022 இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வொன்றில் 785 பேரின் மூளையை இரண்டு தடவை படம் பிடித்து ஒப்பிட்டார்கள். அதில் 401 பேருக்கு இடையில் கொரோனா வந்திருந்தது. மணத்தோடு தொடர்புள்ள பகுதிகளில், வராதவர்களைவிட அவர்களுக்குத் தேய்வு சற்றுக் கூடுதல், ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்களுக்கும்கூட. அளவு சிறியதுதான், நூற்றுக்கு 0.2 தொடக்கம் 2 வரை. நீங்கள் சொல்வதை மனப்பிரமை என்று தள்ள முடியாது என்பதற்காகச் சொல்கிறேன், பயமுறுத்த அல்ல. மூன்று மாதம் கடந்தும் இப்படி நீடித்தால் அதை உலக சுகாதார நிறுவனமே ஒரு நோய்நிலையாக வரையறுத்திருக்கிறது.

மணத்துக்கு ஒரு பயிற்சி உண்டு. யேர்மனியில் 2009 இல் தொடங்கியது. ரோசா, யூகலிப்டசு, எலுமிச்சை, கராம்பு என்று நாலு மணம், காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் பத்து இருபது விநாடி நினைவோடு முகர வேண்டும். குறைந்தது மூன்று மாதம். எங்களுக்குத் தேசிக்காய்த் தோல், கராம்பு, யூகலிப்டசுத் தைலம், பன்னீர் போதும். கொரோனா மண நரம்பை நேராகத் தாக்குவதைவிட, நரம்பைத் தாங்கும் பக்கத்துக் கலங்களையே அதிகம் தாக்குகிறது. அதனால்தான் பெரும்பாலானோருக்குத் திரும்பி வருகிறது. வீட்டில் காஸ் அடுப்பு என்றால் உங்களை நம்பி விட வேண்டாம், மணம் தெரிகிற ஒருவர் படுக்கப் போகுமுன் பார்க்கட்டும்.

மறதிக்கு: களைப்பு வரும் வரைக்கும் உழைத்துவிட்டு விழுவதை நிறுத்துங்கள். கடினமான பாடத்தைக் காலை முதல் வேளைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். தைரொயிட், விற்றமின் பி12, இரத்தக் குறைவு, சீனி எல்லாம் ஒருமுறை சோதித்து விடுங்கள், அவையும் இதே முகத்தோடு வரும்.

வயற்காற்று | புதன், காலை 9.00

என் அப்பம்மாவுக்கு 82 வயதில் இருமல் தொடங்கி இரண்டாம் நாள் சன்னி கண்டது. இறந்துபோன அப்பப்பாவோடு கதைத்தார், பங்கருக்குள் ஓடச் சொல்லிக் கத்தினார். காய்ச்சல் உடம்பில் தெரியவே இல்லை. யாரோ செய்வினை என்று நூல் கட்டக் கொண்டுபோனோம். இரண்டு நாள் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். தப்பவில்லை. இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

பாலைநிழல் | புதன், காலை 9.40

தம்பி, உங்களில் பிழை சொல்ல மாட்டேன், அந்த நாளில் எனக்கும் தெரிந்திருக்காது. வயது போனவர்களுக்குச் சில நேரம் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் முந்திச் சன்னிதான் வரும். ஒரு நாளில் குணம் மாறினால், பகலில் தூங்கி இரவில் பிதற்றினால், நெஞ்சில் சளி இருக்கிறதா, சலத்தில் தொற்றா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். எங்கள் பழைய ஆட்கள் சன்னி என்று அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள். கோயிலுக்கும் போங்கள், நூலும் கட்டுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கட்டுங்கள்.

கரைச்சித்தாய் | புதன், மாலை 6.30

அண்ணை, அழாதீர்கள். அக்கா, வேது (ஆவி) பிடிப்பது பற்றிச் சொல்லவில்லையே? மகனுக்குப் பிடிக்கலாமா?

பாலைநிழல் | புதன், மாலை 7.00

பெரியவர்களுக்கு மூக்கடைப்பு இளகும், வைரசு சாகாது. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து வெந்த பிள்ளைகளை நான் விடுதியில் பார்த்திருக்கிறேன். மல்லித் தண்ணீர் இளஞ்சூட்டில் கொடுங்கள். அதோடு சின்னமுத்து (தட்டம்மை) ஊசி 9 மாதத்திலும் 3 வயதிலும் போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். அதுவும் மூச்சால் பரவுவதுதான். வந்து போன பின் ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு மூளை வீக்கம், மிகச் சிலருக்குப் பல வருடம் கழித்து மூளையைத் தின்னும் நோய். 2019 இல் இலங்கையில் சின்னமுத்து ஒழிந்தது என்று அறிவித்தார்கள், 2023 இல் திரும்பி வந்தது.

விசுவமடுக்காரி | மூன்று கிழமை கழித்து, ஞாயிறு, இரவு 8.15

எல்லோருக்கும் சொல்ல வேண்டும். அன்று 18 ஆக இருந்த எண்ணிக்கை அடுத்த நாள் மத்தியானம் 11 ஆகிவிட்டது. அக்கா சொன்னபடி ஓடிப் போய்ச் சொன்னேன், தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள். ஆறு நாள் இயந்திரத்தில் இருந்தான். நீர் எடுத்ததால் ஒன்றும் ஆகவில்லை, ஒரு நாள் தலையிடி மட்டும். ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த இரத்தத்தில் இருந்து எடுப்பது என்று வைத்தியர் சொன்னார். யார் யாரோ கொடுத்தது. ஸ்டீரொயிட் கொடுக்கவில்லையா என்று கேட்டேன், இந்த நோய்க்கு அது உதவாதாம்.

இப்போது சாதாரண விடுதி. முதலில் தோள் திரும்பியது, பிறகு கை. கால் இன்னும் மெதுவாகத்தான், மாதக் கணக்கு ஆகும் என்கிறார்கள். வயலை மச்சான் வெட்டி ஏற்றிவிட்டார். அம்மா இப்போது பக்கத்துக் கட்டில்காரருக்கும் முள்ளந்தண்டு ஊசிக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். இன்று பின்னேரம் தம்பி சாரத்தைத் தானே கட்டினான். மூன்று தடவை அவிழ்ந்தது, நாலாவது தடவை நின்றது.

பாலைநிழல் | ஞாயிறு, இரவு 8.40

நல்ல செய்தி தங்கச்சி. வீட்டுக்கு விடும்போது கணுக்கால் தொங்காமல் இருக்க மட்டை ஒன்று தருவார்கள், இரவிலும் போட வேண்டுமா என்று கேளுங்கள். மலசலகூடத்துக்குப் போகும் பாதையில் இப்போதே கைபிடிக்க ஒரு கம்பு நட்டு வையுங்கள்.

ஒட்டுசுட்டான் வீரை | ஞாயிறு, இரவு 9.10

கம்பு நடுவது என் வேலை. என்னிடம் பாலைக் கட்டை இருக்கிறது. முகவரியைத் தனி மடலில் அனுப்புங்கள் அக்கா, சனிக்கிழமை வருகிறேன்.